மலேரியாக் குளிசை எதிர்ப்புச் சக்தியைக் கொன்றுவிடுமா?

கேள்வி, நிலாவெளியிலிருந்து ஒருவர். 9 பெப்ரவரி 2024

என் தங்கைக்கு 24 வயது. கன்னத்தில் சிவப்பு, விரல் மூட்டுகளில் வீக்கம், ஆறாத வாய்ப்புண். இரத்தம் சோதித்துவிட்டு லூபஸ் என்றார்கள். கொடுத்த மருந்து ஹைட்ரொக்சிகுளோரோகுயின். அது மலேரியாக் குளிசை என்று பாமசியில் சொன்னார்கள். நாட்டில் மலேரியாவே இல்லை, இவளுக்கு எதற்கு? ஒட்டுண்ணியைக் கொல்லும் மருந்து உடம்பின் எதிர்ப்புச் சக்தியையும் சேர்த்துக் கொன்றுவிடும் என்கிறார் பெரியம்மா. இரண்டு நாளாகக் குளிசை கொடுக்கவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

9 பெப்ரவரி, இரவு

தம்பி, முதலில் குளிசையைக் கொடுங்கள். நிறுத்துவதானால் அதை எழுதிய வைத்தியர் நிறுத்தட்டும், பெரியம்மா வேண்டாம்.

நான் வைத்தியர் இல்லை. 26 வருடம் மலேரியாவுக்கு இரத்தம் பார்த்தவன். என் மனைவிக்கு 2011 முதல் லூபஸ். அன்றிலிருந்து இந்தக் குளிசை எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஊறுகாய்ப் போத்தலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அந்த இரண்டு தகுதியில்தான் எழுதுகிறேன். விளக்கம் நாளை.

10 பெப்ரவரி

பெரியம்மாவின் கணக்கு பிழை. ஆனால் மூடத்தனமான பிழை அல்ல. 2011இல் நானும் அதே கேள்வியைக் கேட்டேன். அதுவும் மலேரியா ஆய்வுகூடத்தில் சம்பளம் வாங்கிக்கொண்டு.

மலேரியா ஒட்டுண்ணி செங்குழியத்துக்குள் உட்கார்ந்து ஈமோகுளோபினைத் தின்கிறது. தின்பதற்கென்று அதனிடம் ஓர் அமிலப் பை உண்டு, நம் இரைப்பை மாதிரி. ஈமோகுளோபின் செரித்ததும் மிஞ்சுவது ஈம் என்ற இரும்புச் சத்துள்ள கழிவு. அது ஒட்டுண்ணிக்கே நஞ்சு. ஆகவே அதைப் பளிங்காக்கி ஒதுக்கி வைக்கிறது. ஜீம்சாச் சாயம் போட்டு, எண்ணெய் வில்லையில் பார்த்தால், நீலமும் சிவப்புமான ஒட்டுண்ணிக்குள் பொன்பழுப்பில் சில மணிகள் தெரியும். மூக்குப்பொடியைச் சிந்தியது போல. கந்தளாயிலிருந்து வரும் ஸ்லைட்களில் அந்தப் பொடியைத் தேடித்தான் என் கண் பழகியது. குளோரோகுயின் அந்தப் பைக்குள் போய், ஈம் பளிங்காவதைத் தடுக்கிறது. ஒட்டுண்ணி தன் கழிவிலேயே செத்துப்போகிறது.

இனி முக்கியமான இடம். அமிலப் பை ஒட்டுண்ணியிடம் மட்டுமா இருக்கிறது? நம் வெண்குழியங்களிலும் உண்டு. அதற்குப் பெயர் இலைசோசோம். குளோரோகுயினும் அதன் தம்பியான ஹைட்ரொக்சிகுளோரோகுயினும் மென்காரங்கள். காரம் ஏறாத நிலையில் மென்சவ்வைச் சுலபமாகக் கடக்கும். அமிலத்துக்குள் போனதும் மின்னேற்றம் பெற்றுவிடும், பிறகு திரும்பி வர முடியாது. மீன் கூடு பார்த்திருப்பீர்கள். வாய் வழியாக உள்ளே போவது சுலபம், வெளியே வரும் வழிதான் மீனுக்குத் தெரியாது. அதே கதை. இரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு மருந்து அந்தப் பைகளில் தேங்குகிறது.

ஆக, கொல்வது அல்ல நடப்பது. வெண்குழியத்தின் வயிற்றில் புளிப்புக் குறைகிறது.

10 பெப்ரவரி, சற்றுப் பிறகு

மேலே "காரம் ஏறாத நிலையில்" என்று எழுதியது பிழையான சொல். மின்னேற்றம் இல்லாத நிலையில் என்று படியுங்கள். உயர்தரத்தில் இரசாயனத்துக்கு எனக்குக் கிடைத்த பெறுபேற்றை மனைவி நினைவூட்டுகிறாள்.

13 பெப்ரவரி

புளிப்புக் குறைந்தால் என்ன என்று தம்பி கேட்டிருக்கிறார். அதற்கு லூபஸ் என்றால் என்னவென்று சொல்ல வேண்டும்.

பயிற்சிக் காலத்தில் கொழும்பில் ஒரு பழைய ஸ்லைட் காட்டினார்கள். நியூட்ரோபில் என்ற வெண்குழியம் ஒன்று. வழக்கமாக அதன் கரு மூன்று நான்கு கணுவாக, முடிச்சுப் போட்ட நூல் மாதிரி நடுவில் கிடக்கும். இதில் கரு ஓரத்தில் ஒதுங்கிப் பிறையாகிவிட்டது. நடுவில் ஊதாவும் இளஞ்சிவப்புமாக, வழுவழுப்பான ஓர் உருண்டை. செத்துப்போன வேறொரு கலத்தின் கருவை விழுங்கி வைத்திருக்கிறது. 1948இல் ஹார்கிரேவ்ஸ் என்ற அமெரிக்க வைத்தியரும் அவருடைய சகாக்களும் அறிவித்த எல்.ஈ. கலம் அதுதான். லூபஸுக்கான முதல் ஆய்வுகூடச் சோதனை அதிலிருந்துதான் வந்தது. இப்போது யாரும் பார்ப்பதில்லை, இரத்தத்தில் பிறபொருளெதிரியைச் சோதிக்கிறார்கள். நான் அன்று அந்தப் படத்தை ஒரு வேடிக்கையாகப் பார்த்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போனேன். இருபத்தைந்து வருடத்துக்குப் பிறகு அது என் வீட்டுக் கதவைத் தட்டும் என்று யார் கண்டார்?

அந்த ஸ்லைட்டில் தெரிவதுதான் நோயின் சாரம். உடம்பு தன் சொந்தக் கருப்பொருளையே, அதாவது டி.என்.ஏ.யையும் ஆர்.என்.ஏ.யையும், அந்நியப் பொருளாக எடுத்துக்கொள்கிறது. பிறபொருளெதிரி அதைப் பற்றிக்கொள்கிறது. அந்தப் பொட்டலத்தை நோயெதிர்ப்புக் கலம் ஒன்று விழுங்குகிறது. உள்ளே, அதே அமிலப் பைகளின் சுவரில், டோல் வாங்கி 7, டோல் வாங்கி 9 என்று இரண்டு காவலாளிகள். ஒருவர் ஆர்.என்.ஏ.யைப் பார்ப்பவர், மற்றவர் டி.என்.ஏ.யை. வைரசின் மரபுப்பொருள் உள்ளே வந்தால் மணி அடிப்பதுதான் அவர்கள் வேலை. லூபஸில் சொந்த டி.என்.ஏ. வந்தாலும் அடித்துவிடுகிறார்கள். மணி அடித்தால் கலம் இன்டர்பெரோன் என்ற அபாயச் செய்திப் புரதத்தைக் கொட்டும். காய்ச்சல், களைப்பு, மூட்டு நோவு எல்லாம் பின்னால் வரும்.

இந்தக் காவலாளிகள் வேலை செய்ய அமிலம் தேவை. புளிப்புக் குறைந்தால் மணி மந்தமாகிறது.

இன்னொரு வேலையும் பாதிக்கப்படுகிறது. விழுங்கிய புரதத்தை நறுக்கி, துண்டுகளை வெளியே தூக்கி, ரி-கலங்கள் என்ற வேறு வகை வெண்குழியங்களுக்குக் காட்டுவதும் அந்தப் பைகள் வழியாகத்தான். அதுவும் தணிகிறது. ஆக, ரி-கலங்களுக்குப் போகும் கோள்மூட்டல் குறைகிறது. கோள்மூட்டலைக் குறைத்த குடும்பங்களில் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

14 பெப்ரவரி

"அப்படியானால் எதிர்ப்புச் சக்தி குறைகிறது என்றுதானே பொருள்?" என்று ஒருவர் மடக்கியிருக்கிறார்.

இல்லை. ஸ்டீரொயிட், அசதயோபிரின் போன்றவற்றை நோயெதிர்ப்பை அடக்கும் மருந்துகள் என்பார்கள். அவற்றோடு தொற்று அபாயம் வரும். இந்தக் குளிசையை அந்த வரிசையில் வைப்பதில்லை. வெண்குழியங்களின் எண்ணிக்கை இதனால் சரிவது வழக்கமல்ல. லூபஸ் நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்த ஆய்வுகளில் இதை எடுப்பவர்களுக்குக் கடும் தொற்றுகள் கூடவில்லை. என் மனைவிக்கு ஸ்டீரொயிட் கூட்டிக் கொடுத்த வருடம் அக்கி வந்தது. இந்தக் குளிசை மட்டும் எடுத்த வருடங்களில் எனக்கு வந்த தடிமன்கூட அவளுக்கு வரவில்லை. ஒரு வீட்டுக் கணக்கு ஆய்வு ஆகாது, தெரியும்.

19 பெப்ரவரி

மேலே எழுதியதை ஓரிடத்தில் திருத்த வேண்டும். நாய்தான் காரணம்.

மட்டிக்களிப் பக்கம் எங்கள் உறவுக்காரப் பெண் ஒருத்திக்கு நேற்று நாய் கடித்துவிட்டது. அவளும் இதே குளிசை எடுப்பவள். விசர்நாய்த் தடுப்பூசிக்குப் போனபோது குளிசையைப் பற்றிச் சொல்ல வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு எங்கோ படித்தது நினைவு வந்தது. 1986இல் வந்த ஓர் ஆய்வு: மலேரியாத் தடுப்புக்காகக் குளோரோகுயின் எடுத்துக்கொண்டே, தோலுக்குள் ஏற்றும் விசர்நாய்த் தடுப்பூசி போட்டவர்களுக்குப் பிறபொருளெதிரி குறைவாக உருவானது. தடுப்பூசியை விழுங்கி நறுக்கிக் காட்டும் வேலையும் அதே பைகளில் நடப்பதுதானே!

ஆகவே, "எதிர்ப்புச் சக்தியைத் தொடவே தொடாது" என்ற தொனியில் நான் எழுதியது கொஞ்சம் மிகை. தொடுகிறது. எங்கே தொடுகிறது என்பதுதான் விஷயம். அவளிடம் குளிசை அட்டையையே கையோடு கொண்டுபோகச் சொன்னேன். கொண்டுபோனாள். வைத்தியர் பார்த்துவிட்டு ஊசியைத் தசையில் போட ஏற்பாடு செய்தார்.

நாய் நலமாக இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரரோடுதான் பேச்சுவார்த்தை இல்லை.

2 மார்ச்

பேராதனையில் படிக்கும் என் மருமகன் இதையெல்லாம் வாசித்துவிட்டு, "மாமா, உங்கள் புளிப்புக் கதை பழையது" என்றான். கோபம் வந்தது. பிறகு அவன் அனுப்பியதைப் படித்தேன்.

அவன் சொல்வது சரி. 2011இல் வெளியான ஓர் ஆய்வின்படி, சிகிச்சையில் கிடைக்கும் அளவுகளில் பையின் புளிப்பு பெரிதாக மாறுவதற்கு முன்பே டோல் வாங்கிகள் அடங்கிவிடுகின்றன. காரணம், இந்த மருந்து டி.என்.ஏ., ஆர்.என்.ஏ.யிலேயே நேராக ஒட்டிக்கொள்கிறது. ஒட்டியதும் அதன் உருவம் மாறி, காவலாளியின் கைக்குப் பொருந்தாமல் போகிறது. கள்ளனுக்கு வேடம் போட்டு விடுவது மாதிரி. இல்லை, உவமை தலைகீழ். இங்கே வருபவன் கள்ளனே இல்லை, வீட்டுப் பிள்ளை. காவலாளிக்குத்தான் கண் பிழை. பிள்ளைக்கு முக்காடு போட்டு உள்ளே அனுப்புகிறது மருந்து. (இதுவும் சரியாக வரவில்லை. விடுங்கள்.)

இன்னொன்று. கலம் தன் பழைய பொருட்களைத் தானே பையில் கட்டி இலைசோசோமோடு சேர்த்துச் செரிக்கும் ஒரு வேலை உண்டு. குளோரோகுயின் அதையும் தடுக்கிறது. அதிலும் புளிப்பைவிட, பையும் பையும் ஒன்றோடொன்று சேர்வதைக் குழப்புவதுதான் பெரிய பங்கு என்று 2018இல் காட்டியிருக்கிறார்கள்.

ஆகவே 10ஆம் தேதிக் குறிப்பின் கடைசி வரியைப் பாதி உண்மையாக வைத்துக்கொள்ளுங்கள். மருந்து பைக்குள் தேங்குவது உண்மை. தேங்கிய பிறகு செய்வது ஒரு வேலை அல்ல.

3 மார்ச்

யார் முதலில் கண்டுபிடித்தது என்று கேட்டவருக்கு. 1894இலேயே லண்டனில் பெய்ன் என்ற வைத்தியர் தோல் லூபஸுக்கு மலேரியா மருந்தான கொயினாவைக் கொடுத்திருக்கிறார். ஆனால் விஷயம் பெரிதானது யுத்தத்தால்.

என் அப்பப்பா துறைமுகத்தில் வேலை செய்தவர். 1942 ஏப்ரல் 9 அன்று யப்பான் விமானங்கள் திருகோணமலையில் குண்டு போட்டபோது உப்புவெளிப் பக்கம் ஒரு கிடங்குக்குள் கிடந்தாராம். அந்தக் கதையைவிட எனக்குப் பிடித்தது மஞ்சள் வெள்ளைக்காரர் கதை. "யுத்தம் முடியும் நேரம் வெள்ளைக்காரன் எல்லாம் மஞ்சள் பூசியது மாதிரி இருந்தான்" என்பார். செங்கமாரி என்று நினைத்தாராம். செங்கமாரி அல்ல, மெபக்ரின். உலகத்துக்குக் கொயினா அனுப்பிய ஜாவா அந்த மார்ச்சில் யப்பானிடம் விழுந்தது. பிறகு நேச நாட்டுப் படைகளுக்கு மலேரியாத் தடுப்பாக மெபக்ரின் கொடுத்தார்கள். அது தோலை மஞ்சளாக்கும். அதை விழுங்கிய படையினரில் சிலருக்கு இருந்த தோல் சொறியும் மூட்டு நோவும் தணிந்தன. 1951இல் பேஜ் என்ற பிரித்தானிய வைத்தியர் லூபஸுக்கு மெபக்ரின் கொடுத்த அனுபவத்தை லான்செட் சஞ்சிகையில் எழுதினார். மஞ்சளாக்காத ஹைட்ரொக்சிகுளோரோகுயின் அமெரிக்காவில் 1955இல் அனுமதி பெற்றது.

அதாவது தம்பி, உங்கள் தங்கையின் குளிசையை யாரும் திட்டமிட்டுத் தேடவில்லை. நுளம்பைத் தேடிப்போன இடத்தில் அகப்பட்டது.

3 மார்ச், இரவு

நுளம்பு என்றதும், அதைக் கொல்ல அடிக்கும் மலத்தியன் மணம் மூக்கில் ஏறுகிறது. தம்பலகாமத்தில் சின்ன வயதில் மலத்தியன் அடிக்க வருவார்கள். பானை சட்டி எல்லாம் முற்றத்துக்கு வரும். சுவரில் வெள்ளைப் படலம், ஒரு கிழமைக்கு வீட்டுக்குள் சோறு இறங்காது. எனக்கு இரண்டு முறை மலேரியா வந்தது. குளோரோகுயின் குளிசையை அம்மா வாழைப்பழத்துக்குள் ஒளித்துத் தருவார். பழத்தை விழுங்கிவிட்டுக் குளிசையை மட்டும் துப்பும் கலையில் நான் தேர்ந்தவன்.

1963இல் நாடு முழுவதற்கும் 17 நோயாளிகள்தான். ஒழிந்துவிட்டது என்று கையை விட்டார்கள். 1968, 69இல் ஐந்து லட்சத்துக்கு மேல். கடைசி உள்ளூர் நோயாளி 2012 ஒக்டோபரில், உலக சுகாதார நிறுவனத்தின் சான்றிதழ் 2016 செப்டெம்பரில். என் வேலையை ஒழித்த சான்றிதழ். சந்தோஷமாகத்தான் ஓய்வு பெற்றேன்.

21 மார்ச்

"இதே குளிசை கொரோனாவுக்கு வேலை செய்யவில்லையே, லூபஸுக்கு மட்டும் எப்படிச் செய்யும்?" என்று ஒருவர்.

இரண்டும் வேறு கேள்வி. 2020 தொடக்கத்தில் ஆய்வுகூடத்தில் குரங்கின் சிறுநீரகக் கலங்களில் மருந்து வைரசைத் தடுத்தது. அந்தக் கலங்களுக்குள் வைரஸ் அமிலப் பை வழியாகப் போகிறது. மனித நுரையீரல் கலங்களில் மேற்பரப்பிலுள்ள ஒரு நொதியின் உதவியோடு நேராக நுழைகிறது. பைக்கே போகாதவனைப் பையில் காத்திருந்து பிடிக்க முடியுமா? பிரித்தானியாவின் ரிக்கவரி பரிசோதனையில் மருந்து பெற்ற 1,561 பேரில் 28 நாட்களுக்குள் இறந்தவர்கள் 27 சதவீதம். பெறாத 3,155 பேரில் 25 சதவீதம். அதோடு அந்தக் கதை முடிந்தது.

எங்களுக்கு முடியவில்லை. அந்த ஏப்ரலில் ஊரடங்கு. மருந்து எங்கும் இல்லை. கொரோனாவுக்குப் பயந்தவர்கள் அள்ளி வைத்துக்கொண்டார்கள். மனைவியிடம் மிச்சமிருந்தது 11 குளிசை. என்னிடம் சொல்லாமல் ஒன்றுவிட்ட நாள் எடுத்தாள், பிறகு மூன்று நாளைக்கு ஒன்று. மருந்து உடம்பில் பாதியாகக் குறைய ஏறத்தாழ 40 நாள் ஆகும். அதனால் உடனே ஒன்றும் தெரியவில்லை. ஜூன் கடைசியில் ஒரு காலை, தேங்காய் துருவ உட்கார்ந்தவள் துருவலையைப் பிடிக்க முடியாமல் எழுந்து வந்து விரல்களைக் காட்டினாள். அவரைக்காய் மாதிரி வீங்கியிருந்தன.

கனடாவில் 1991இல் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். நிலையாக இருந்த 47 லூபஸ் நோயாளிகளில் ஒரு பகுதியினருக்குக் குளிசையைத் தொடர்ந்து கொடுத்தார்கள், மற்றவர்களுக்குப் போலிக் குளிசை. ஆறு மாதத்தில் போலிக் குளிசை எடுத்தவர்களுக்கு நோய் திரும்பும் வாய்ப்பு இரண்டரை மடங்கு. எங்கள் வீட்டில் அந்த ஆய்வை இன்னொரு முறை செய்துவிட்டோம், தேவையில்லாமல்.

22 மார்ச்

அள்ளி வைத்துக்கொண்டவர்களில் நானும் ஒருவன் ஆகியிருப்பேன், பாமசிக்கு முதலில் போயிருந்தால். நேற்று கொஞ்சம் காரமாக எழுதிவிட்டேன்.

5 மே

கண்ணைப் பற்றிப் பலர் கேட்டுவிட்டார்கள். கண் போய்விடும் என்பதும் பெரியம்மாக்களின் பட்டியலில் உண்டு. இதில் அவர்களிடம் கொஞ்சம் நியாயம் இருக்கிறது.

மருந்து விழித்திரையிலும் தேங்கும். ஒரு நாளைக்கு, உடல் நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 5 மில்லிகிராமுக்குள் இருந்தால், முதல் 5 வருடத்தில் பாதிப்பு 100க்கு ஒருவருக்கும் குறைவு. 10 வருடத்துக்குள் 2 பேருக்கும் குறைவு. 20 வருடம் தாண்டினால் ஏறத்தாழ 20 பேர். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அபாயம் அதிகம். பாதிப்பு வந்தால் திரும்பாது, ஆனால் பார்வை மங்குவதற்கு முன்பே ஸ்கானில் தெரியும். தொடங்கும்போது ஒருமுறை, 5 வருடத்துக்குப் பிறகு வருடாவருடம் பார்க்க வேண்டும்.

என் மனைவி தொடக்கத்தில் 60 கிலோ. ஒரு நாள் ஒன்று, மறுநாள் இரண்டு, குளிசை ஒன்று 200 மில்லிகிராம். சராசரி 300, கணக்குச் சரியாக 5. பிறகு அவள் மெலிந்து 48 கிலோ ஆனாள். குளிசை மட்டும் மெலியவில்லை. இரண்டு வருடம் யாரும் தராசில் ஏற்றவில்லை. நான் உட்பட. புதிதாக வந்த ஓர் இளம் பெண் வைத்தியர்தான் கொப்பியைப் புரட்டிவிட்டு, "அம்மா, கடைசியாக எப்போது நிறை பார்த்தீர்கள்?" என்று கேட்டார். அன்றிலிருந்து நாளுக்கு ஒன்று.

முழங்காலுக்குக் கீழே நீலக்கறுப்புத் திட்டுகள் வரலாம். அவளுக்கு இருக்கிறது. மேசையில் இடித்த தழும்பு என்று ஒரு வருடம் மேசையைத் திட்டினோம்.

30 மே

ஒட்டுண்ணி, புழு மருந்து என்றால் எல்லாமே நோயெதிர்ப்பை அடக்குமா என்று ஒரு கேள்வி. நேர் எதிராகவும் உண்டு. லெவமிசோல், வட்டப்புழுவுக்குக் கொடுத்தது. அது எதிர்ப்பைத் தூண்டுகிறது என்று 1970களில் பெரிய ஆரவாரம். குடல் புற்றுநோய்ச் சிகிச்சையில்கூடச் சேர்த்தார்கள். ஆனால் சிலருக்கு நியூட்ரோபில்களைத் துடைத்து எடுத்துவிடும். பெரியம்மா பயந்தது மாதிரியே, உண்மையான துடைப்பு. சிறுநீரில் புரதம் போகும் பிள்ளைகளுக்கு இன்றும் சில இடங்களில் கொடுக்கிறார்கள், இரத்தக் கணக்கைப் பார்த்துப் பார்த்து.

ஆகவே பெரியம்மாவிடம் சொல்லுங்கள்: அவர் நினைத்த மருந்து இருக்கிறது. இது அது அல்ல.

18 ஜூன்

தம்பி எழுதியிருக்கிறார். நாலு மாதமாகத் தங்கை ஒழுங்காக எடுக்கிறாளாம். வாய்ப்புண் ஆறிவிட்டது, கன்னம் வெளுத்திருக்கிறது, காலையில் விரல் விறைப்பு மட்டும் அரை மணி நேரம் இருக்கிறதாம். குணமாகிவிட்டதால் நிறுத்தலாமா என்று கேட்கிறாளாம்.

21 மார்ச் குறிப்பை வாசித்துக் காட்டுங்கள். தேங்காய்த் துருவலை வரும் இடத்தை இரண்டு முறை.

கல்யாணம் பேசுகிறார்கள், பிள்ளை உண்டாகும்போது நிறுத்த வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறார். பொதுவாகக் கர்ப்பத்திலும் தொடரச் சொல்லும் மருந்து இது. ஆனால் கிளினிக்கில் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். வயிற்றெரிவுக்கு அன்ரசிட் குடிப்பாளானால் இரண்டுக்கும் நடுவில் 4 மணி நேரம் விடச் சொல்லுங்கள்.

கண் கிளினிக் துண்டைப் பத்திரமாக வையுங்கள். எங்களுடையதை நான் பஞ்சாங்கத்துக்குள் வைத்துவிட்டு, புது வருடத்தில் பஞ்சாங்கத்தோடு சேர்த்துப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிட்டேன். புதுத் துண்டு எடுக்க இரண்டு மாதம் அலைந்தோம்.

18 ஜூன், சற்றுப் பிறகு

இல்லை, மூன்று மாதமாம். மனைவி திருத்துகிறாள்.